ஹாலுக்கும் உன் அறைக்கும் ஒரு நீல வயர்

அன்புள்ள அம்மு,

நீ இப்போது பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். நான் ஹாலில், காலண்டருக்குக் கீழே இருக்கிற என் மேசையில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுந்து வந்தால் நேரிலேயே சொல்லிவிடலாம்தான். ஆனால் நேரில் சொன்னால் நீ பதில் சொல்வாய், அது எனக்குக் கேட்காது, நான் கேட்ட மாதிரி தலையாட்டுவேன், நீ அதைக் கண்டுபிடித்துச் சிரிப்பாய், விஷயம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் மின்னஞ்சல். நெதர்லாந்தில் போய் இறங்கி, பெட்டியைப் பிரித்து, ஒரு வாய் காபி குடித்த பிறகு படி. அதற்கு முன்னால் படித்துத் தொலைத்தால் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் நின்று அழுவாய், உன் அம்மா என்னைத் திட்டுவாள். அவள் திட்டுவது மட்டும் எனக்கு எப்படியோ கேட்டுவிடுகிறது.

உன் கல்யாணச் சந்தடி அடங்கியதிலிருந்து எனக்கு ஒரே கவலைதான். நீ மாப்பிள்ளையோடு அங்கே போன பிறகு நீயும் நானும் எப்படிப் பேசிக்கொள்ளப் போகிறோம் என்கிற கவலை. வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு ஹைதராபாத் போயிருந்தாயே, அப்போது நடந்தது உனக்குத் தெரியாது. நீ போனில் அரை மணி நேரம் பேசுவாய். உன் அம்மா சிரிப்பாள், ‘அய்யய்யோ’ என்பாள், ‘அப்புறம்?’ என்பாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நான் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். போனை வைத்ததும் ‘என்ன சொன்னா?’ என்று கேட்பேன். ‘நல்லா இருக்காளாம்’ என்பாள். ‘வேற?’ என்றால் ‘உங்களைக் கேட்டதா சொல்லச் சொன்னா’ என்பாள். நீ பேசியதெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக என்னிடம் வந்து சேரும். அவளைக் குறை சொல்லவில்லை. எனக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டுமென்றால் அவள் கத்த வேண்டும், கத்தினால் எதிர்வீட்டு வாத்தியார் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். இருந்தாலும் அந்த அரை மணி நேரத்தில் எனக்கென்று ஒரு பங்கு இருந்தது, அது வழியிலேயே நின்றுவிட்டது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

காது ஒரே நாளில் போகவில்லை. எங்கள் கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இரண்டு பக்கமும் மெஷின்கள் தகட்டை இடித்துக்கொண்டே இருக்க, நடுவில் நின்று வேலை வாங்கியவன் நான். காதில் அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சூப்பர்வைசரே காதை அடைத்துக்கொண்டால் ஆட்கள் சொல்வது எப்படிக் கேட்கும் என்று வீம்பு பேசி வைத்துக்கொள்ளாமல் விட்டேன். முதலில் குக்கர் விசில் போனது. அப்புறம் காலிங் பெல். ஆம்பளைக் குரல்கள் ரொம்ப நாள் நின்றன. உன் குரல் கீச்சுக் குரல், அது சீக்கிரமே கிளம்பிவிட்டது. இதையெல்லாம் வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. செவிடன் என்று பெயர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று நினைத்தேன், அது சுலபமாகவே கிடைத்தது. இரும்புலியூரில் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் போகிற பெரிய மனுஷன் என்று காலனி முழுக்கச் சொன்னார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய். ‘நான் பேசினாலே அப்பாவுக்கு அலட்சியம்’ என்று நீ அம்மாவிடம் சொன்னதை அவள் எனக்கு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். இந்த மாதிரி விஷயங்களை மட்டும் அவள் சுருக்குவதில்லை.

நீ காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் சேர்ந்த வருடம் உனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். அப்போது போன் வயரில்தான் இன்டர்நெட். நீ உள்ளே நுழைந்தால் போன் செத்துவிடும். ஒருநாள் உன் பெரியம்மா மாம்பலத்திலிருந்து விடாமல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நம் வீட்டில் என்னவோ ஏதோ என்று மின்சார ரயில் பிடித்து வந்து வாசலில் மூச்சிரைக்க நின்றாள். நீ பாட்டுக்கு உள்ளே யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தாய். அப்புறம் பிராட்பேண்ட் வந்து அந்தத் தொல்லை ஒழிந்தது. அதே சமயத்தில் எங்கள் கம்பெனியில் பழைய கம்ப்யூட்டர்களை ஊழியர்களுக்கே கொடுத்தார்கள். எல்லாரும் எடுத்தார்கள், நானும் ஒன்றைத் தூக்கி வந்தேன். ‘இது எதுக்கு, சாமி ரூம்ல வெக்கவா?’ என்றாள் அம்மா. எதற்கு என்று எனக்கும் தெரியாது. நீதான் இரண்டையும் இணைத்துவிடலாம், ஒரே இன்டர்நெட்டை இரண்டு பேரும் பயன்படுத்தலாம் என்று அம்மாவிடம் சொன்னாய்.

மேற்குத் தாம்பரம் கடைத் தெருவிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்தாய். அவர் நீல வயரை ஒரு சுருள் கொண்டுவந்து ஹாலில் போட்டுவிட்டு, இரண்டு அறைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ‘இன்னா சார் இது, ஒரே வூட்டுக்குள்ள எதுக்கு சார் ஒயரு? இங்கேர்ந்து ஒரு கொரல் குட்தா அந்த ரூமுக்குக் கேக்கப்போவுது’ என்றாராம். எனக்குக் கேட்கவில்லை, நானும் பெருமையாகத் தலையாட்டினேன். அவர் சொன்னதை நீ ரொம்ப நாள் கழித்து டைப் செய்து காட்டினாய். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். நம் வீட்டில் என்னைவிடச் சுவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டுக்கொண்டிருந்தது, அதற்கு அவர் டிரில்லிங் மெஷினால் காதும் குத்திவிட்டார். வயர் அந்தத் துளை வழியாக உன் அறைக்குப் போனது. உன்னுடையதை முடித்து, என்னுடையதிலும் வயரைச் சொருகி, கம்ப்யூட்டருக்கு விலாசம் மாதிரி ஒரு நம்பர் போடப் போகும்போது கரண்ட் போய்விட்டது. ‘நம்பர் ஒண்ணுதான் பாக்கி சார், பாப்பாவே போட்டுக்கும்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாராம்.

பாப்பாவுக்குப் படிப்பு இருந்தது. எனக்குப் பொறுமை இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடுவது நம் பரம்பரை வழக்கம். பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் நாங்கள் செய்வது ஒன்றுதான்: பக்கத்தில் ஓடுகிற மெஷினில் என்ன செட்டிங் வைத்திருக்கிறதோ, அதை அப்படியே ஓடாத மெஷினில் வைப்போம், அதுவும் ஓடும். இத்தனை வருடத்தில் பொய்க்காத வித்தை. அவர் உன் கம்ப்யூட்டரில் என்னென்ன எண் அடித்தார் என்று பேப்பர் ஓரத்தில் குறித்து வைத்திருந்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் ஆரம்பித்து இரண்டில் முடிகிற எண். அதையே என்னுடையதிலும் போட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு கதவு எண்தானே, அப்பாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே இனிஷியல்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. வாழ்த்துச் சொல்கிறது போலிருக்கிறது என்று அதை மூடினேன். மறுபடி வந்தது. மறுபடி மூடினேன்.

உள்ளே நீ ஒரு பெரிய கம்பெனியின் வேலைக்கு ஆன்லைனில் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாய். கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னிடம் சொன்னாயாம், ‘அப்பா, டெஸ்ட் எழுதறேன், கம்ப்யூட்டரைத் தொடாதீங்க’ என்று. நான் ‘சரி, சரி’ என்று தலையாட்டினேனாம். இரண்டு பேருக்கும் ஒரே எண் ஆனதும் உனக்கு இணைப்பு அறுந்து, வந்து, அறுந்து, தேர்வு நேரம் ஓடிப்போய்விட்டது. நீ உள்ளேயிருந்து கத்தியிருக்கிறாய். செவிடன் காதில் ஊதிய சங்கு. இந்த எண் ஏற்கெனவே இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று எச்சரித்த அந்த மஞ்சள் பெட்டியை நான் உற்சாகமாக மூடிக்கொண்டே இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீ எதிரே நின்றுகொண்டிருந்தாய். உன் வாய் அசைந்தது, கன்னம் நனைந்திருந்தது, கையை ஓங்கி ஓங்கி எதையோ சொன்னாய். அன்று என்னென்ன சொன்னாய் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்டதில்லை, நீயும் திருப்பிச் சொன்னதில்லை. காது போனதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன், அது போதுமானதாக இருந்தது.

கொஞ்ச நாள் வீடு மயான அமைதியாக இருந்தது, அதாவது எனக்கு எப்போதும்போல் இருந்தது. அப்புறம் ஒருநாள் நான் இல்லாத நேரத்தில் நீ என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எனக்கென்று தனியாக ஓர் எண் போட்டிருக்கிறாய். உனக்கு இரண்டு, எனக்கு மூன்று. வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள ஒரு சின்ன மென்பொருளும் போட்டு வைத்திருந்தாய். நான் சாயங்காலம் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட உட்கார்ந்தேன். சீட்டுக்கட்டின் மேலே ஒரு கட்டம் வந்து நின்றது. ‘அப்பா, டீ வேணுமா?’ என்று அதில் இருந்தது. யார் கேட்பது என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ‘வேணும்’ என்று அடித்தேன். டீ வந்தது. இந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை.

அதன் பிறகு நாம் பேசிக்கொண்டது எத்தனை! கல்லூரிப் பேருந்தில் நடந்தது, உன் தோழிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பது, என் பழைய மேனேஜரின் தலைமுடி, சாம்பாரில் உப்பு அதிகம் என்பதை அம்மாவிடம் யார் சொல்வது என்பது எல்லாம் அந்த நீல வயரில் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ அடித்தாய்: ‘அப்பா, இதுல அடிச்சா மட்டும் உடனே பதில் சொல்றீங்க. கூப்பிட்டா ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?’ நான் பதில் அடித்தேன்: ‘கூப்பிட்டியா?’ அப்புறம் கதவு திறந்தது. நீ வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாய். ஏதாவது சொல்லியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. கிட்டே வந்து என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனாய். பெற்ற பெண் அப்பன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்த வீடு நம் வீடாகத்தான் இருக்கும்.

நீ கற்றுக்கொடுத்த மற்ற பாடங்களில் நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதுக்கு மேல் வளைய எவ்வளவு பாடுபடும் என்று உனக்குத்தான் தெரியும். பாஸ்வேர்டை மறந்துவிடுவேன் என்று மானிட்டர் மேலேயே எழுதி ஒட்டினேன். படத்தை மின்னஞ்சலில் இணைத்திருக்கிறேன் என்று உன் பெரியப்பாவுக்கு நீளமாக எழுதிவிட்டு, படத்தை இணைக்காமல் அனுப்பினேன். அவர் ‘ரொம்ப அழகான படம்’ என்று பதில் போட்டார். சரஸ்வதி பூஜைக்கு அம்மா, இரண்டு கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டைப் பிரித்துக்கொடுக்கிற ரவுட்டர் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள், வயர் சொருகுகிற துவாரத்திலேயே வைத்தாள். காய்ந்த சந்தனத்தைக் குண்டூசியால் நோண்டி எடுத்துக்கொண்டே நீ சிரித்த சிரிப்பு, அதுவும் எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தோள் குலுங்கியது. ‘ஆயுதம்னா வெக்க வேண்டாமா? அதுலதானே நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறீங்க’ என்றாள் அம்மா. அவள் சொன்னதில் தப்பில்லை.

ஒன்று மட்டும் எனக்கு ஒரே தடவையில் பிடிபட்டது. பிங். கறுப்புத் திரையைத் திறந்து, பிங் என்று அடித்து, உன் எண்ணை அடித்தால், என் கம்ப்யூட்டர் உன் கம்ப்யூட்டரிடம் ‘இருக்கியா?’ என்று கேட்கும். அது ‘இருக்கேன்’ என்று சொல்லும். ரிப்ளை ஃப்ரம், ரிப்ளை ஃப்ரம் என்று வரிசையாக வரிகள் வரும். வேறு சங்கதி ஒன்றும் கிடையாது. ‘எதுக்கு இது?’ என்று கேட்டேன். ‘ஆள் இருக்காங்களான்னு பாக்கறதுக்கு மட்டும்தாம்பா’ என்று அடித்தாய். பதில் வராவிட்டால் டைம்டு அவுட் என்று வரும், அப்போது பதறக் கூடாது, முதலில் வயரைப் பார்க்க வேண்டும், அப்புறம் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும் என்று வரிசையும் சொல்லிக்கொடுத்தாய். அந்த வரிசையை நான் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

முதல் சம்பளத்தில் எனக்குக் காது மெஷின் வாங்கி வந்தாய். அதைப் போட்டுக்கொண்டால் உன் குரல் கேட்கவில்லை, மிக்ஸி கேட்கிறது, ஃபேன் கேட்கிறது, ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரி கேட்கிறது. போனைக் காதில் வைத்தால் அது ஊளையிடுகிறது. அதனால் அது அலமாரியில் இருக்கிறது. இதை நீ என் பிடிவாதம் என்று நினைக்கிறாய். பாதி பிடிவாதம், பாதி உண்மை. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கே தெரியவில்லை.

சரவணன் வந்த நாளைப் பற்றி எழுதாவிட்டால் இந்தக் கடிதம் நிறைவாகாது. உன்னோடு வேலை செய்கிற பையன், நல்ல பையன், என்னிடம் பேச வருகிறான் என்று முதல் நாளே எனக்கு அடித்துவிட்டாய். வந்தான். சோபாவில் உட்கார்ந்தான். மரியாதை தெரிந்த பையன்கள் கேசரித் தட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். இவனும் தட்டைப் பார்த்துக்கொண்டு என்னவோ பேசினான். உதடு தெரிந்தால் நான் பாதியாவது பிடித்துவிடுவேன், இவனுடைய தலை உச்சிதான் தெரிந்தது. நான் தலையாட்டவில்லை. மற்ற விஷயத்துக்கெல்லாம் ஆட்டுகிற தலை, உன் விஷயத்துக்கு ஆடமாட்டேன் என்றது. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா கண்ணால் கெஞ்சினாள். அவன் முகம் சுண்டிப்போனது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் எழுந்து போயிருப்பான், நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நீ வாழ்நாள் முழுக்க நினைத்திருப்பாய்.

நீ எழுந்து வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போய் உன் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தாய். என்னைப் பார்த்து என் மேசையைக் காட்டினாய். பெண் பார்க்க வந்த பையன் உள் அறையில், பெண்ணைப் பெற்றவன் ஹாலில், நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு நீல வயர். உன் அம்மா கேசரித் தட்டோடு எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். ‘ஊர்ல கேட்டா சிரிப்பாங்க’ என்றாள். இந்த மாதிரி சின்ன வாக்கியம் என்றால் அவள் உதட்டை நான் படித்துவிடுவேன்.

நான்தான் ஆரம்பித்தேன். ‘என்ன சம்பளம்?’ என்று கேட்கவில்லை, அதை நீ ஏற்கெனவே சொல்லியிருந்தாய். ‘கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டேன். ‘பேசாம இருந்துடுவேன் அங்கிள். அது தப்புன்னு அவ சொல்றா’ என்று வந்தது. ‘சமைக்கத் தெரியுமா?’ என்றேன். ‘ரசம் வரும். மத்தது வரும்னு சொல்ல முடியாது’ என்றான். தட்டைப் பார்த்துப் பேசியபோது கிடைக்காத பையன் திரையில் கிடைத்தான். கொஞ்சம் பயம், கொஞ்சம் குறும்பு, பொய் இல்லை. அப்புறம் அவனே கேட்டான்: ‘உங்களுக்குக் காது கேக்கறதில்லைன்னு அவ சொன்னா. எத்தனை வருஷமா அங்கிள்? ரொம்பக் கஷ்டமா இருக்கா?’

அம்மு, அதற்கு முன்னால் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கத்தியிருக்கிறார்கள், சைகை காட்டியிருக்கிறார்கள், என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், மெஷின் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கஷ்டமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. எனக்குக் கண்ணாடி மறைத்தது, துடைத்துக்கொண்டு அடித்தேன்: ‘மத்ததெல்லாம் பழகிடுச்சு. இவ குரல் எப்படி இருக்கும்னு மறந்துபோச்சு. அதுதான் கஷ்டம்.’ அப்புறம் ‘மாமா’ என்று மட்டும் வந்தது. அங்கிள் மாமா ஆனதும் நான் எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்த கேசரியை வாங்கி அவனுக்குக் கொடுத்தேன். நான் சம்மதம் சொன்ன விதம் அது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் அன்று அந்த எண்ணைத் தப்பாகப் போடாமல் இருந்திருந்தால் நீ அந்தப் பெரிய கம்பெனியில் சேர்ந்து பெங்களூருக்குப் போயிருப்பாய். அப்புறம் நீ சேர்ந்த சோழிங்கநல்லூர் வேலையும் கிடையாது, சரவணனும் கிடையாது. ஆகவே உன் கல்யாணத்துக்குத் தரகர் நான்தான், எனக்கு இன்னும் யாரும் வேட்டி வாங்கித் தரவில்லை.

புத்தி சொல்லாமல் அப்பன் கடிதம் எழுத முடியுமா? எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஒரே வீடாக இருந்தாலும் ஆளுக்கு ஓர் எண் வேண்டும். அவனுக்குப் பிடித்ததெல்லாம் எனக்கும் பிடிக்கும் என்று அவனுடைய செட்டிங்கை அப்படியே எடுத்து உன்னில் வைத்துக்கொள்ளாதே, அவனையும் உன்னைப் போல ஆக்கப் பார்க்காதே. இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டோம் என்று பெருமையாக இருக்கும், ஆனால் இரண்டு பேருக்குமே இணைப்பு அறுந்துபோகும். நானும் உன் அம்மாவும் இத்தனை காலம் ஓட்டியது அவள் அவளாகவும் நான் நானாகவும் சண்டை போட்டுக்கொண்டதால்தான். மூலையில் மஞ்சள் பெட்டி எழும்பினால் மூடாதே, என்ன எழுதியிருக்கிறது என்று படி. அவன் பேசாமல் இருந்தால், அலட்சியம் என்று நீயாக முடிவு கட்டாதே. ஒருவேளை நீ கூப்பிட்டதே அவனுக்குக் கேட்டிருக்காது. சில நாள் சொல்ல ஒன்றும் இருக்காது. அன்றைக்கு ‘இருக்கியா?’ என்று மட்டும் கேள். அவனும் உன்னை அப்படிக் கேட்கட்டும்.

இப்போது நம் சங்கதிக்கு வருகிறேன். நம் வீட்டு எண்கள் நம் வீட்டுக்குள் மட்டும்தான் செல்லும், வெளியிலிருந்து பிங் செய்தால் வராது என்று நீ நேற்று அடித்தாய். நீ போய் இறங்குகிற வீட்டிலும் இதே எண்கள்தான் இருக்கும் என்றும் சொன்னாய். அங்கேயும் ஓர் இரண்டு, ஒரு மூன்று இருக்கும் என்பது எனக்கு எப்படியோ ஆறுதலாக இருந்தது. உன் கம்ப்யூட்டரை இங்கேயே விட்டுப் போகிறாய். அந்த மேசையை எடுத்துவிட்டுத் தையல் மெஷினைப் போடலாம் என்கிறாள் அம்மா. நான் விடவில்லை. காலையில் காபி குடித்ததும் உன் அறைக்கு ஒரு பிங் அனுப்பிக்கொள்வேன். மெஷின்தான் பதில் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். உன் அறையிலிருந்து வருகிறது என்பது போதும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். தினமும் காலையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பு. சங்கதி எதுவும் வேண்டாம். ‘அப்பா’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். நான் ‘ம்’ என்று பதில் போடுவேன். நீளமாக எழுத நேரமிருக்கிற நாளில் எழுது, அம்மாவிடம் சொல்வதில் பாதியையாவது எனக்கு எழுது, சுருக்காமல் எழுது. நேரமில்லாத நாளில் அந்த ஒரு வார்த்தை மட்டும்.

எனக்கு வயதாகிறது, கண்ணு. ஒருநாள் நீ ‘அப்பா’ என்று அனுப்புவாய், இங்கிருந்து ‘ம்’ வராது. உடனே பதறாதே. நீ சொல்லிக்கொடுத்த வரிசைதான். வயர் கழன்றிருக்கும், உன் அம்மா பெருக்கும்போது துடைப்பத்தால் இழுத்திருப்பாள். ரவுட்டரில் மறுபடி சந்தனம் வைத்திருப்பாள். இரும்புலியூரில் கரண்ட் போயிருக்கும். பாஸ்வேர்டு எழுதிய சீட்டு காற்றில் பறந்திருக்கும், நான் மேசைக்கு அடியில் தேடிக்கொண்டிருப்பேன். அதற்கெல்லாம் நேரம் கொடு. அதற்குப் பிறகும் வரவில்லை என்றால் அம்மாவுக்குப் போன் செய். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவளோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. போனை வைத்த பிறகு அவள் அதை யாருக்கும் சுருக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

உன்
அப்பா